இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு மனிதன்

ரோபோ கார்ட்டூன்களில் வரும் மனிதர்கள் வெறும் ஒட்டுச்சதையா? கார்ட்டூனும் ரோபோவும் ஒரே வளாகத்தில் உருவாகும் திருவனந்தபுரம் சொல்லும் பதில் வேறு.

திருவனந்தபுரம் நகரிலிருந்து கழக்கூட்டம் செல்லும் வழியில், காரியவட்டத்தில் பரந்து கிடக்கிறது டெக்னோபார்க். 1990ல் தொடங்கப்பட்ட இதுதான் நாட்டின் முதல் தொழில்நுட்பப் பூங்கா. கம்ப்யூட்டர் மென்பொருளுக்குப் பெயர்போன இந்த வளாகத்தில், வெளியே அதிகம் பேசப்படாத இரண்டு தொழில்களும் நடக்கின்றன. ஒன்று கார்ட்டூன். மற்றொன்று ரோபோ. ஒரு கூட்டம் டிவி திரையில் இயந்திரங்களை ஓட வைக்கிறது. இன்னொரு கூட்டம் சாக்கடைக்குள் இயந்திரத்தை இறக்குகிறது. இரு தரப்பும் எதிர்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: எல்லா வேலையையும் இயந்திரம் செய்துவிடும் என்றால், அதன் பக்கத்தில் மனிதனுக்கு என்ன வேலை?

கார்ட்டூன் ரசிகர்களைப் பொறுத்தவரை இது பழைய புகார். பிரம்மாண்டமான ரோபோக்கள் மோதிக்கொள்ளும்போது நடுவில் ஒரு பையன் வந்து நிற்பான். அவனுக்குப் பள்ளியில் பிரச்னை இருக்கும், வீட்டில் அப்பாவுடன் தகராறு இருக்கும். சண்டைக்காகக் காத்திருக்கும் வாண்டுகளுக்கு அந்தக் காட்சிகள் தண்ணீர் குடிக்க எழுந்து போகும் நேரம். ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’ ரசிகர்கள் பல ஆண்டுகளாக முணுமுணுப்பதும் இதையேதான்: ரோபோ கதையில் மனிதர்கள் எதற்கு?

அந்தத் தொடரின் பூர்வீகத்திலேயே இதற்கு ஒரு சுவாரசியமான விடை இருக்கிறது. ஜப்பானின் தகாரா நிறுவனம் ‘டயாக்ளோன்’ என்ற பெயரில் விற்ற பொம்மைகள்தான் ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’ பொம்மைகளில் பலவற்றுக்கு மூலம். அந்த ரோபோக்களுக்கு உயிர் கிடையாது. உள்ளே உட்கார்ந்து ஓட்டுவதற்கு விரல் நுனி அளவில் குட்டி மனித பொம்மைகள் கூடவே வரும். அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் அவற்றை வாங்கி 1984ல் புதுப் பெயரில் விற்றபோது ஓட்டுநர் பொம்மைகளைத் தூக்கிவிட்டது. ரோபோக்களே சிந்திக்கும், பேசும் என்று கதை மாறியது. ஆனால் அதே ஆண்டு டிவி தொடர் வந்தபோது, எண்ணெய்க் கிணற்று மேடையில் வேலை செய்யும் ஒரு தகப்பனையும் அவர் மகன் ஸ்பைக்கையும் கதைக்குள் கொண்டுவர வேண்டியிருந்தது. முன்வாசல் வழியாக அனுப்பப்பட்ட மனிதன் பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டான்.

ரிமோட் யார் கையில்?

ஏன் அவனைத் தவிர்க்க முடியவில்லை? இதைப் புரிந்துகொள்ள இன்னும் சற்றுப் பின்னால் போக வேண்டும். ஜப்பானில் மித்சுதெரு யோகோயாமா 1956ல் தொடங்கிய படக்கதை ‘டெட்சுஜின் 28’. 1963ல் அது டிவிக்கு வந்தது. அதில் வரும் ராட்சத இரும்பு மனிதன், போர்க்காலத்தில் ஜப்பானிய ராணுவத்துக்காக ஆயுதமாகத் திட்டமிடப்பட்டவன். அவனுக்குச் சொந்த புத்தி கிடையாது. ஷோதாரோ என்ற சிறுவன் கையிலுள்ள கட்டுப்பாட்டுப் பெட்டி சொல்வதைச் செய்வான். பெட்டி திருடன் கைக்குப் போனால் அதே ரோபோ நகரத்தை இடிக்கும். அத்தியாயத்துக்கு அத்தியாயம் பரபரப்பு ஏற்றியது இதுதான். ரோபோ எவ்வளவு பலசாலி என்பது கதையல்ல, பெட்டி யாரிடம் இருக்கிறது என்பதே கதை.

அதே யோகோயாமாவின் இன்னொரு படைப்பு இந்தியர்களுக்கு அறிமுகமானது. 1967ல் ஜப்பானில் தொடங்கிய ‘ஜயன்ட் ரோபோ’, 1980களில் தூர்தர்ஷனில் ஒளிபரப்பானது. அது கார்ட்டூன் அல்ல, நடிகர்கள் நடித்த தொடர். கைக்கடிகாரத்தில் ஒரு சிறுவன் பேச, ராட்சதன் எழுந்து பறப்பான். கடைசி அத்தியாயத்தில் ரோபோ முதல் தடவையாகச் சிறுவனின் கட்டளையை மீறுகிறது. பூமியைக் காப்பாற்ற எதிரியைத் தூக்கிக்கொண்டு விண்வெளிக்குப் பறந்து, தன்னையே அழித்துக்கொள்கிறது. கீழே நிற்கும் சிறுவன் திரும்பி வரச் சொல்லிக் கதறுகிறான். அந்தச் சிறுவன் இல்லையென்றால் அது ஓர் இரும்புத் துண்டு வெடித்த செய்தி. அவன் இருப்பதால்தான் அது மரணம்.

பெட்டியைக் கையில் வைத்திருந்த மனிதனை ரோபோவுக்கு உள்ளேயே உட்கார வைத்தவர் கோ நாகாய். 1972 டிசம்பரில் டிவிக்கு வந்த அவருடைய ‘மாஸிங்கர் இஸட்’டில், கோஜி என்ற இளைஞன் சிறு விமானத்தில் பறந்து வந்து 18 மீட்டர் உயர ரோபோவின் தலையில் பொருந்திக்கொள்கிறான். ரோபோவை ஒரு வாகனமாகப் பார்த்த இந்தக் கற்பனை பிறகு ஒரு பரம்பரையையே உண்டாக்கியது. கோஜியின் தாத்தா இறப்பதற்கு முன் பேரனிடம் சொல்லிச் செல்வதன் சாரம் இதுதான்: இந்த இயந்திரத்தை வைத்துக்கொண்டு நீ கடவுளாகவும் ஆகலாம், பிசாசாகவும் ஆகலாம்.

1979 ஏப்ரலில் யோஷியுகி தொமினோ அதற்கு அடுத்த படியை எடுத்தார். ‘கண்டம்’ தொடரின் அமுரோ, வீரன் அல்ல. போரில் மாட்டிக்கொண்ட 15 வயதுப் பையன். எதிரி ரோபோவை வீழ்த்தும்போது அதற்குள்ளும் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான் என்பது அவனுக்குத் தெரியும். ஒரு கட்டத்தில் இனி ஓட்ட மாட்டேன் என்று அடம் பிடிக்கிறான். முதல் ஒளிபரப்பில் இந்தத் தொடர் பெரிதாக எடுபடவில்லை, குறித்த காலத்துக்கு முன்பே முடிக்கப்பட்டது. மறு ஒளிபரப்பில்தான் ரசிகர்கள் திரண்டார்கள். இன்றும் புதுப் புதுக் கிளைகள் விட்டுக்கொண்டிருக்கிறது.

அப்பாவும் தோழனும்

மூன்றாவது வகை ரோபோவுக்குக் கட்டளை தேவையில்லை, உறவு தேவை. ஒசாமு தெசுகாவின் ‘அஸ்ட்ரோ பாய்’ 1952ல் படக்கதையாகத் தொடங்கி 1963ன் புத்தாண்டு நாளில் டிவிக்கு வந்தது. விபத்தில் மகனைப் பறிகொடுத்த டாக்டர் தென்மா, அவன் சாயலில் ஒரு ரோபோவை உருவாக்குகிறார். குழந்தை வளரவில்லையே என்று கோபம் வருகிறது. சர்க்கஸ்காரனிடம் விற்றுவிடுகிறார். பிறகு வேறொரு பேராசிரியர் அவனை மீட்டு வளர்க்கிறார். பெற்றவர் கைவிட்டார், வளர்த்தவர் காத்தார் என்ற இந்தக் கதையைக் கேட்டுக் கண் கலங்க நமக்கு ஜப்பானிய மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை.

1999ல் வெளிவந்த பிராட் பேர்டின் ‘தி அயர்ன் ஜயன்ட்’ படத்தில் பையன் பெயர் ஹோகார்த். ஆயுதமாகப் படைக்கப்பட்ட ராட்சதனுக்கு, நீ எதுவாக இருக்கிறாய் என்பதை நீயே முடிவு செய்யலாம் என்று கற்றுத்தருவது அவன்தான். தமிழ் வீடுகளில் குழந்தைகள் டப்பிங்கில் பார்த்துச் சிரிக்கும் ‘டோரேமான்’ கதையிலும் சூட்சுமம் இதேதான். எதிர்காலத்திலிருந்து வந்த ரோபோப் பூனையின் பையில் எல்லாக் கருவிகளும் உண்டு. ஆனாலும் நோபிதா சோம்பேறித்தனத்துக்கு அவற்றைப் பயன்படுத்தும்போதெல்லாம் காரியம் கெடுகிறது. கருவி பழுதில்லை, பிழை பயன்படுத்துபவனிடம்.

உள்நாட்டுச் சரக்கும் உண்டு. 2013ல் ஹங்காமா சேனலில் தொடங்கிய ‘வீர்: தி ரோபோ பாய்’ தொடரில் ஃபுர்சத்கஞ்ச் என்ற சிற்றூரில் ஒரு விஞ்ஞானி ரோபோச் சிறுவனை மகனாக வளர்க்கிறார். கேரளத்தில் 2019ல் வெளியான ‘ஆண்ட்ராய்டு குஞ்ஞப்பன் வெர்ஷன் 5.25’ கார்ட்டூன் அல்ல என்றாலும், பையன்னூர்க்காரரான பிடிவாதக் கிழவரையும் அவருக்குத் துணையாக மகன் கொண்டுவரும் ரோபோவையும் வைத்து இதே விஷயத்தைப் பேசியது. தமிழில் அதுவே 2022ல் ‘கூகுள் குட்டப்பா’ ஆனது. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வைத் தொடராகப் படித்தவர்களுக்கு நாய் ஜீனோ மறக்காது. ஆனால் ஜீனோவின் சாமர்த்தியம் வெளிப்படுவதற்கு நிலா என்ற அப்பாவிப் பெண் தேவைப்பட்டாள். 2010ல் வந்த ‘எந்திரன்’ படத்தில் ஊரை நாசம் செய்தது சிட்டி. நீதிமன்றத்தில் பதில் சொல்ல நின்றது வசீகரன்.

இத்தனை கதைகளிலும் ஒரு பொது அம்சம் இருக்கிறது. ரோபோ ஜெயிக்கலாம், தோற்கலாம், உடைந்தால் மறுபடி பூட்டப்படலாம். பயப்படுவதும் வெட்கப்படுவதும் இழப்பதும் மனிதப் பாத்திரம்தான். இயந்திரம் செய்ததற்குப் பொறுப்பேற்கும் ஆள் அவன். ஆள் இல்லாவிட்டால் கதை வெறும் உலோகச் சத்தம்.

வரைபவர்களின் கணக்கு

திருவனந்தபுரத்தில் இந்தப் பாத்திரங்களை உயிர்ப்பிக்கும் தொழிலுக்கு விதை போட்டது டூன்ஸ் அனிமேஷன். டெக்னோபார்க்கில் 1999ல் தொடங்கிய இந்த நிறுவனத்துக்கு 2000களின் தொடக்கத்தில் ‘தெனாலிராமன்’ தொடர் பெயர் வாங்கித் தந்தது. பிறகு வெளிநாட்டுத் தயாரிப்புகள் வந்தன. 2008ல் தொடங்கிய ‘வுல்வரின் அண்ட் தி எக்ஸ்மென்’ அவற்றில் ஒன்று. மொத்தம் 26 அத்தியாயங்கள்.

அந்தத் தொடரில் ரோபோக்கள் வில்லன்கள். ‘சென்டினல்’ எனப்படும் அந்த ராட்சத இயந்திரங்கள், பிறவியிலேயே அபூர்வ சக்தி கொண்டவர்களை வேட்டையாடுகின்றன. நினைவிழந்து கிடக்கும் பேராசிரியர் சேவியர் கண் விழிக்கும்போது 20 ஆண்டுகள் ஓடிவிட்டிருக்கின்றன. உலகம் இடிபாடு, ஆட்சி சென்டினல்களிடம். அங்கிருந்து அவர் நிகழ்காலத்தில் உள்ள தன் ஆட்களை எச்சரிக்கிறார். இந்த இயந்திரங்களைக் கட்டியது யார்? தங்களிலிருந்து வேறுபட்டவர்களைக் கண்டு அஞ்சிய சாதாரண மனிதர்கள். அதற்கு அனுமதி வழங்கியது அரசியல்வாதிகள். ரோபோக்கள் முகம் மாறாமல் அணிவகுக்கும்போது, அச்சமும் வெறுப்பும் பிறகு வருத்தமும் மனித முகங்களில்தான் வரையப்படுகின்றன.

வரைவது எளிதல்ல. கையால் வரையும் முறையில் ஒரு விநாடிப் படத்துக்குப் பொதுவாக 12 சித்திரங்கள் வேண்டும். 22 நிமிட அத்தியாயத்துக்குக் கணக்குப் போட்டால் 15,840. ஒரே பாத்திரம் மட்டும் அசைவதாக வைத்துக்கொண்டால் வரும் எண்ணிக்கை இது. மூட்டுகளும் தகடுகளும் கோடுகளுமாக இருக்கும் ரோபோவை ஒவ்வொரு கோணத்திலும் பிசகாமல் வரைவது அவஸ்தை. கம்ப்யூட்டர் முப்பரிமாண முறையில் நிலைமை தலைகீழ். கதவுக் கீல் போல மடங்கும் இரும்புக் கையை அசைப்பது சுலபம், மனிதனின் தோலும் தலைமுடியும் துணி மடிப்பும்தான் உயிரை வாங்கும். கன்னம் ஒரு நூல் தவறினால்கூடப் பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுவார். தினமும் மனித முகம் பார்த்துப் பழகிய கண்கள்.

இத்தனை சிரமப்பட்டு மனிதனைச் சேர்ப்பதற்கு வெறும் தொழில்நுட்பக் காரணமும் ஒன்று உண்டு: அளவு. வெற்றுத் திரையில் நிற்கும் ரோபோ 18 மீட்டரா, மேஜைப் பொம்மையா என்று யாருக்கும் தெரியாது. அதன் பாதத்தருகே ஒரு சிறுவனை நிறுத்தினால் ராட்சதன் ஆகிவிடும்.

நிஜ ரோபோ செய்பவர்களுக்கும் மனித உடல்தான் அளவுகோல். அதற்கும் இதே ஊரில் உதாரணம் உண்டு. வட்டியூர்க்காவில் உள்ள இஸ்ரோவின் நிலைமச் சாதனப் பிரிவில் உருவானது ‘வியோமித்ரா’. இடுப்புவரை பெண் வடிவம் கொண்ட இந்த ரோபோ 2020 ஜனவரியில் பெங்களூரில் அறிமுகமானது. ககன்யான் திட்டத்தில் மனிதர்களை அனுப்புவதற்கு முன், ஆளில்லாப் பயணத்தில் அனுப்புவதற்காக வடிவமைக்கப்பட்டது. ஒரு பெட்டியில் கருவிகளை வைத்து அனுப்பினால் போதாதா? விண்கலத்தின் இருக்கையும் சுவிட்சுகளும் மனித உடலுக்காகச் செய்யப்பட்டவை. அவற்றைச் சோதிக்க மனிதன் போன்ற ஒன்று தேவை. பின்னால் வரப்போகும் மனிதனுக்காக முன்னால் போகும் இயந்திரம் அது.

கதையில் வராத ஆள்

ரிமோட் வைத்திருக்கும் சிறுவன், உள்ளே அமர்ந்த இளைஞன், விஞ்ஞானி, தோழன் என்று எல்லோரும் கார்ட்டூனில் வந்துவிட்டார்கள். வராதவன் ஒருவன் உண்டு. ரோபோ வருவதற்கு முன் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தவன்.

‘ரோபோ’ என்ற சொல்லே அவனிடமிருந்து வந்ததுதான். செக் எழுத்தாளர் காரெல் சாபெக் 1920ல் எழுதிய ‘ஆர்.யு.ஆர்.’ நாடகத்தில்தான் அது முதலில் அறிமுகமானது. செக் மொழியில் ‘ரொபோதா’ என்றால் கட்டாய ஊழியம். நாடகத்தில் ரோபோக்கள் கிளர்ந்தெழுந்து மனித இனத்தையே அழிக்கின்றன. ஒரே ஒருவரை மட்டும் விட்டுவைக்கின்றன. அவர் தங்களைப் போலவே கைகளால் உழைப்பவர் என்பது காரணம். பின்னால் வந்த கார்ட்டூன்கள் அந்த ஒருவரை மறந்துவிட்டன. 2008ல் வெளியான ‘வால்-ஈ’ படத்தில்கூட, குப்பை அள்ளும் ரோபோ நாயகன் ஆனான். மனிதர்கள் மிதக்கும் நாற்காலிகளில் கொழுத்துக் கிடந்தார்கள். அவனுக்கு முன் குப்பை அள்ளியவர்கள் என்ன ஆனார்கள் என்று படம் கேட்கவில்லை.

டெக்னோபார்க்கில் ஒரு நிறுவனம் அதைக் கேட்க வேண்டியிருந்தது. மலப்புறம் மாவட்டம் குற்றிப்புறத்தில் உள்ள எம்.இ.எஸ். பொறியியல் கல்லூரியில் படித்த இளைஞர்கள் சிலர், உடலில் அணிந்துகொண்டால் பலம் பெருகும் இயந்திரச் சட்டகத்தை உருவாக்கும் முயற்சியில் இருந்தார்கள். ‘மாஸிங்கர்’ பரம்பரையின் அதே கனவு. 2015 நவம்பரில் கோழிக்கோட்டில் ஒரு பாதாளச் சாக்கடைக் குழிக்குள் இறங்கிய ஆந்திரத் தொழிலாளர்கள் இருவர் மூச்சுத் திணறி இறந்தார்கள். அவர்களைக் காப்பாற்ற உள்ளே குதித்த உள்ளூர் ஆட்டோ ஓட்டுநரும் மாண்டுபோனார். அந்தச் சம்பவம் இளைஞர்களைத் திசை திருப்பியது.

அவர்களுடைய ஜென்ரோபோடிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய ‘பேண்டிகூட்’ ரோபோவை 2018ல் திருவனந்தபுரத்தில் முதல்வர் பினராயி விஜயன் தொடங்கி வைத்தார். பேண்டிகூட் என்றால் பெருச்சாளி. ஆங்கிலச் சொல்லாகத் தெரிந்தாலும் தெலுங்கின் ‘பந்திகொக்கு’விலிருந்து போனது. சிலந்தி போலக் கால்களைப் பரப்பிக் குழிக்குள் இறங்கும் இயந்திரம், அடைப்பை வாரி மேலே அனுப்புகிறது. கேமராவும் விஷவாயுவை அறியும் உணரிகளும் உண்டு. மேலே ஒருவர் திரையைப் பார்த்தபடி அதை இயக்குகிறார். கும்பகோணம், கோவை எனத் தமிழகத்துக்கும் அது வந்து சேர்ந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது மேலே நிற்கும் அந்த ஒருவரை. முன்பு குழிக்குள் இறங்கிய தொழிலாளர்களுக்கே பயிற்சி கொடுத்து இயக்குநர்கள் ஆக்குவது என்பது திட்டத்தின் ஒரு பகுதியாகத் தொடக்கத்திலேயே வைக்கப்பட்டது. பள்ளிப் படிப்பு குறைந்தவர்களும் கையாளும்படி திரையும் பொத்தான்களும் எளிமையாக்கப்பட்டன. ஷோதாரோவின் கட்டுப்பாட்டுப் பெட்டி, கார்ட்டூன் உலகம் கண்டுகொள்ளாத ஓர் ஆளின் கைக்குப் போனது. தொழில்நுட்ப ரீதியில் பார்த்தால் இது சின்ன விஷயம். நடைமுறையில், இயந்திரம் அவனை மீட்கிறதா, வேலையை விட்டு அனுப்புகிறதா என்பதைத் தீர்மானிப்பது அதுதான்.

வரிசை மாறும்போது

எல்லா இடத்திலும் பெட்டி அவன் கைக்குப் போய்விடவில்லை. பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் மனிதரைச் சாக்கடையில் இறக்குவதை 2013ம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சாக்கடை மரணங்களுக்கு இழப்பீட்டை 10 லட்சம் ரூபாயிலிருந்து 30 லட்சமாக 2023 அக்டோபரில் உயர்த்திய உச்ச நீதிமன்றம், இந்த முறையையே அடியோடு ஒழிக்கும்படி அரசுகளுக்கு உத்தரவிட்டது. சட்டமும் இருக்கிறது, இயந்திரமும் இருக்கிறது. சாவும் தொடர்கிறது.

2024 ஜூலை 13. ரோபோ பிறந்த அதே திருவனந்தபுரத்தில், மத்திய ரயில் நிலையத்தின் அடியில் சுரங்கமாகப் போகும் ஆமையிழஞ்சான் கால்வாயில் குப்பை அகற்ற இறங்கிய ஒரு தொழிலாளி வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டார். தீயணைப்புப் படை முக்குளிப்பவர்கள் குப்பை மலைக்குள் தலை நுழைத்துத் தேடினார்கள். தேசியப் பேரிடர் மீட்புப் படை வந்தது, கடற்படை வந்தது. டெக்னோபார்க்கிலிருந்து கேமரா பொருத்திய ரோபோக்களும் வந்தன. பிளாஸ்டிக் குப்பை இறுகிக் கிடந்த சுரங்கத்தில் யாரும் நினைத்த வேகத்தில் முன்னேற முடியவில்லை. ஜூலை 15 காலையில், சுரங்கத்தைத் தாண்டிக் கால்வாயின் வேறொரு பகுதியில் உடல் மிதந்தது.

மீட்புக்கு வந்தவர்களையோ இயந்திரத்தையோ குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. வரிசைதான் தவறு. மனிதன் முதலில் போனான், ரோபோ பிறகு போனது. வியோமித்ராவை உருவாக்கிய ஊரில் விண்வெளிக்கு ஒரு வரிசை, சாக்கடைக்கு வேறு வரிசை.

அடுத்த தலைமுறை இந்த இரண்டையும் சேர்த்தே பார்க்கப்போகிறது. கேரள அரசுப் பள்ளிகளில் 2018ல் தொடங்கிய ‘லிட்டில் கைட்ஸ்’ மன்றங்களில் மாணவர்கள் கார்ட்டூன் செய்யவும் கற்கிறார்கள், ரோபோ செய்யவும் கற்கிறார்கள். 2025-26 கல்வியாண்டிலிருந்து பத்தாம் வகுப்பில் எல்லா மாணவர்களுக்கும் ரோபோ தொழில்நுட்பம் பாடமாகிவிட்டது. அந்தப் பிள்ளைகளில் யாராவது ஒரு ரோபோ கார்ட்டூன் எழுதினால், ராட்சதன் பக்கத்தில் யாரை நிறுத்துவார்கள்? வழக்கம் போல விஞ்ஞானியின் மகனையே நிறுத்தலாம். குழியின் ஓரத்தில் நின்று, தான் முன்பு இறங்கிய இருட்டைத் திரையில் பார்த்தபடி பொத்தானை அழுத்தும் தொழிலாளியையும் நிறுத்தலாம். அவருக்கு இயந்திரத்தைவிட அந்தக் குழியைப் பற்றி அதிகம் தெரியும். அடைப்பு எங்கே இருக்கும், தண்ணீர் எப்போது ஏறும் என்று ரோபோவுக்குச் சொல்லித்தரும் வேலை அவருடையது. அப்படிப்பட்ட கதையில் அவர் வரும் காட்சிக்கு எந்த வாண்டும் தண்ணீர் குடிக்க எழுந்து போகாது.